விளிம்பில் போட்ட மண்

கூலித் தகராறில் அந்த வருடம் மிராசுதார் எங்கள் தெருக்காரர்களை வயல் வேலைக்குக் கூப்பிடவில்லை. அதனால் நானும் என் மைத்துனனும் தெருவில் இன்னும் சிலரும் குத்தாலத்தில் பெரிய தண்ணீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டப் போனோம். பள்ளம் ஆள் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும்.

நாங்கள் வாய்க்கால் வெட்டிப் பழகியவர்கள். வெட்டிய மண்ணை வழக்கம்போல ஓரத்திலேயே போட்டு, மண்வெட்டியால் தட்டிக் கரையாக்கினோம். மேஸ்திரி வந்து, "மண்ணைத் தள்ளிக் கொட்டுங்கப்பா" என்றார்.

"கரை இல்லாம வெட்டுனா ஊரு சிரிக்குங்க" என்றான் மைத்துனன். மேஸ்திரியும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் மேலே ஏறிவிட்டோம். கடைசியாக மைத்துனன் மட்டும் உள்ளே நின்றான். பள்ளத்துச் சுவரின் ஈர மண், மேலே போட்ட கரையின் பாரம் தாங்காமல் சரிந்து அவனை மார்பு வரை மூடியது. எல்லோரும் விளிம்புக்கு ஓடினோம். எங்கள் எடையில் இன்னும் கொஞ்சம் மண் விழுந்தது.

"கிட்ட வராதீங்கடா! என்னப் பொதைச்சுட்டுத்தான் சோறு திங்கப் போறீங்களா?" என்று கத்தினான்.

விலகினோம். எட்ட நின்றே கரை மண்ணை அப்பால் வாரிப் போட்ட பிறகு, இரண்டு பேர் மட்டும் பள்ளத்தின் கோடியில் இறங்கி, கையாலேயே தோண்டி அவனை எடுத்தோம். உயிர் பிழைத்தான். ஆனால் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. சேற்றில் இறங்கும் வேலைக்கு இனி ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

பின்னாளில் நான் குத்தகைக்கு எடுத்த வயலில் வாய்க்கால் வெட்டும்போதெல்லாம் அவன் வரப்பில் வந்து உட்காருவான். "கரைய நல்லாத் தட்டுங்க மச்சான்" என்பான். முழங்கால் ஆழ வாய்க்காலுக்கு அது சரிதான். நானும் தட்டுவேன்.