அது தூக்க மாத்திரை அல்ல

செவ்வாய்க்கிழமை காலை, ஊர்ப் பத்திரிகைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ‘பிழை திருத்துநர் ஜகபர் சாதிக் காலாமானார். லுஹர் தொழுகைக்குப் பின் திருமலைராயன்பட்டினத்தில் அடக்கம்.’ காலமானார் என்ற சொல்லில் ஒரு துணைக்கால் கூடுதலாக விழுந்திருந்தது. என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். இருபது வருடத்துக்கு மேல் அவருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவனுக்கு அப்படித்தான் படும். அதற்குப் பிறகுதான் செய்தி உறைத்தது. நுரையீரலில் தொற்று, நான்கு நாள் மருத்துவமனையில் இருந்திருக்கிறார். வயது அறுபத்தாறு.

அவரோடு பழகிய உங்களில் பலருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் சத்தமாகச் சொல்லாத ஒன்று உண்டு. பதினெட்டு ஆண்டுகளாக அவர் மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டு வந்தார். இதை எழுதலாமா என்று அவர் மனைவி ஜொஹராவிடம் கேட்டேன். “எழுதுங்கண்ணே. அவங்க எப்ப மறைச்சாங்க? மத்தவங்கதான் மறைச்சாங்க” என்றார்.

காரைக்காலில் எங்கள் வார இதழின் அலுவலகம் மாடியில் இரண்டு அறை. பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வந்து சிவப்புப் பேனாவோடு உட்காருவார் பாய். என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை. “ரிப்போர்ட்டரே” என்பார், பாதி மரியாதையும் பாதி கிண்டலுமாக. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வாரம், புரூஃப் தாள்களில் பிழைகள் அப்படியே இருந்தன. பிழையில்லாத சொற்களின் கீழெல்லாம் சிவப்புக் கோடு. மீன்பிடித் தடைக்கால அறிவிப்பில் பாதிக்கு மேல் கோடு போட்டிருந்தார். என்ன பாய் இது என்று கேட்டேன். “இது தடைக்காலத்தப் பத்தி இல்ல ரிப்போர்ட்டரே. என்னப் பத்தி. வீட்டுக்குப் போனாலும் காதுல படிச்சுக்கிட்டே இருக்காங்க” என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

ஜொஹராவும் நானும் அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அந்த டாக்டரம்மா ஒரு மணி நேரம் அவர் சொன்னதைக் கேட்டார். இரண்டு மாத்திரை எழுதினார், காலையில் ஒன்று, இரவில் ஒன்று. சில வாரங்களில் குரல்கள் தணிந்தன. தாளில் பிழைகள் மீண்டும் பிடிபட்டன. இரவு மாத்திரை போட்டால் நன்றாகத் தூக்கம் வரும். அதனால் நாங்கள் எல்லோரும், ஜொஹரா, இதழின் முதலாளி, நான், பாயும்கூட, அதைத் தூக்க மாத்திரை என்றே சொன்னோம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் மனதுக்கான மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர்தான்.

எட்டு மாதம் கழித்து டீக்கடையில் நான் கேட்டேன்: “நல்லாத்தானே தூங்குறீங்க பாய். அப்புறம் எதுக்கு இன்னும் தூக்க மாத்திரை? பழகிடப் போவுது.” அவர் சிரித்தார். “சரிதான். தூக்கம் வர்றவனுக்கு என்னாத்துக்கு அது” என்றார். அன்றோடு இரண்டையும் நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தியது எனக்குத் தெரியும். நல்லது என்று நினைத்தேன்.

ஒரு மாதம் ஆகவில்லை. இதழ் அச்சுக்குப் போகும் வியாழக்கிழமை, பக்கங்கள் இருந்த அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். இந்தப் பக்கம் வெளியே போனால் ஊர் முழுக்கத் தன்னைப் படிக்கும் என்று உள்ளிருந்து கத்தினார். ஜொஹரா வந்து கதவோரம் நின்று அரை மணி நேரம் பேசிய பிறகுதான் திறந்தார். முதலாளி என்னைத் தனியாக அழைத்து, “வேணாம்யா. நல்ல மனுஷன்தான், நான் இல்லேங்கல. ஆனா இது பத்திரிகை ஆபீஸ். வேற ஆளப் பாரு” என்றார். அந்த வேலையும் போனால் பாய்க்கு வேறு வேலை கிடையாது. நான் சொல்லித்தான் மாத்திரையை நிறுத்தினார் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டியதில்லை. இரண்டு மாதம் தவணை கொடுத்தார்.

பாயை மறுபடி அழைத்துப் போனபோது டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியும் அதைப் பற்றித்தான். “மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாரு?”

“நான்தாங்க.”

“நீங்க டாக்டரா?”

“நிருபர்ங்க.”

“அப்ப குறிச்சுக்குங்க. இது தூக்க மாத்திரை இல்ல. தூக்கம் வர்றது இதோட பக்கவிளைவு. குரல் கேக்காம இருக்குது பாருங்க, அதுதான் இதோட வேலை. நல்லா இருக்காருன்னா மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம். குறைக்கணும்னாலும் நிறுத்தணும்னாலும் நான் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் செய்யணும்.” பிறகு பாயின் பக்கம் திரும்பினார். “ஒத்துக்கலன்னா எங்கிட்ட வந்து சண்டை போடுங்க. தானா நிறுத்தாதீங்க.”

பாய் அதைக் கடைசிவரை காப்பாற்றினார், சண்டை உட்பட. மாத்திரையைத் திரும்பத் தொடங்கியதும் குரல்கள் அடங்கின. ஆனால் கை நடுங்கியது. பிழை திருத்துபவருக்குக் கைதானே எல்லாம். நீக்கல் குறி போட்டால் பக்கத்து எழுத்தையும் சேர்த்து அடித்துவிடும். முதலாளி கொடுத்த இரண்டு மாதத்தில் ஒன்று முடிந்திருந்தது. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கோணல்மாணலான குறிகளோடு இருந்த நான்கு புரூஃப் தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு போய் டாக்டரம்மாவின் மேசையில் பரப்பினாராம். “இதப் பாருங்கம்மா. இந்தக் கையோட நான் எப்படிப் பொழைக்கிறது?” அந்த அம்மா தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்து மருந்தை மாற்றினார், எடையும் சர்க்கரையும் அவ்வப்போது பார்க்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தார். மூன்று வாரத்தில் குறி நேரானது. முதலாளி அதற்குப் பிறகு தவணையைப் பற்றிப் பேசவே இல்லை.

“பக்கத்துல பிழை இருந்தா பக்கத்தையே கிழிச்சுப் போட்டுருவோமா ரிப்போர்ட்டரே? திருத்தத்தானே செய்வோம்” என்று அன்று சொன்னார். அடுத்த ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே போய், நோன்பு வைக்க வேண்டும், மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று கேட்டு வந்தார். டாக்டரம்மா நோன்பு திறந்த பிறகான நேரத்துக்கு மாற்றிக் கொடுத்தார். முப்பது நோன்பும் வைத்தார்.

சில வருடங்களுக்கு முன், திருநள்ளாற்றில் வழி தவறித் திரிந்த ஒருவரைப் போலீஸ் மீட்ட செய்தியை எழுதிக் கொடுத்தேன். ‘மனநிலை பாதிக்கப்பட்டவர், தூக்க மாத்திரை சாப்பிட்டு வந்தவர்’ என்று போலீஸ் சொன்னதை அப்படியே எழுதியிருந்தேன். தாள் திரும்பி வந்தபோது ‘தூக்க மாத்திரை’யைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஓரத்தில் மூன்று கேள்விகள்: எந்த மாத்திரை? யார் கொடுத்தது? யார் நிறுத்தியது?

அந்தக் குடும்பத்துக்குப் போன் செய்தேன். சனி பகவானைப் பார்க்கப் போகிறோமே, இனி எதற்கு என்று புறப்படும்போதே மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டார்களாம். சாமி கும்பிட்டதில் ஒரு தவறும் இல்லை. மாத்திரையை விட்டு வந்ததுதான் தவறு. செய்தியைத் திருத்தி எழுதினேன். “மூணாவது கேள்வி எனக்கா பாய்?” என்று கேட்டேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “உங்களுக்கும் சேர்த்துத்தான்.” அந்த விஷயத்தைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

அடக்கம் முடிந்து பள்ளிவாசலுக்கு வெளியே நின்றிருந்தேன். பட்டினத்துக்காரர் ஒருவர், பாய்க்குத் தூரத்து உறவு, பக்கத்தில் வந்து பெருமூச்சு விட்டார். “பாவம், பாதி ஆயுசு தூக்க மாத்திரையிலேயே போச்சு மனுஷனுக்கு.”

“அது தூக்க மாத்திரை இல்லைங்க” என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, “எம் மருமவனும் ஏதோ சாப்பிடுறாப்ல. சவூதியிலேர்ந்து வந்ததிலேர்ந்து. இப்ப நல்லாத் தூங்குறாரு. பெருநாளோட நிறுத்திரலாம்னு இருக்கோம்” என்றார்.

“டாக்டர்கிட்ட கேட்டீங்களா?”

“அவர்ட்ட என்னத்தக் கேக்குறது? நல்லாத்தானே இருக்காரு?”

டீக்கடையில் நான் பேசிய அதே பேச்சு. அவரை நிழலுக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்: தாழிட்ட அறையை, மருந்து மாறியதும் நேரான சிவப்புக் குறிகளை, முப்பது நோன்புகளை. நிறுத்தச் சொன்னது யார் என்பதையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “திங்கக்கிழமை கூட்டிக்கிட்டுப் போறேன்” என்றார். போனாரா என்று கேட்க அவருடைய எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன்.

ஜகபர் பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியவை தாளின் ஓரத்தில் இருந்த அந்த மூன்று கேள்விகள். முதல் இரண்டையும் மற்றவர்களிடம் கேட்கிறேன். யார் நிறுத்தியது என்ற மூன்றாவதற்கு மட்டும், கேட்பதற்கு முன் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன்.