'கமென்ட்ரி' அருளப்பன் என்ற பெயர் குறித்து

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வழக்கம்போல நம் வட்டத்தின் வருகைப்பதிவு நடந்துகொண்டிருந்தது. செகந்திராபாத்தில் தொடங்கி விஜயவாடா வரை இருக்கிற அமெச்சூர் வானொலிக்காரர்கள் ஒவ்வொருவராக மைக்கில் ஆஜர் கொடுக்கும் அரை மணி நேரம் அது. அருளப்பன் அண்ணாச்சியின் முறை வந்தது. பதிவை நடத்துகிற நம் செயலாளர் சீனிவாஸ் அவரைக் கூப்பிடவில்லை. காற்றில் இரைச்சல் மட்டும் கேட்டது. நான் என் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினேன். பெட்டி நன்றாகத்தான் இருந்தது. பிறகு, யார் பெயரோடும் தெலுங்கு மரியாதைக்கு ஒரு 'காரு' சேர்க்கிற சீனிவாஸ் சொன்னார்: "அருளப்பன் காரு நேத்து சாயங்காலம் போயிட்டார். நெஞ்சுவலி. வீட்டிலேயே."

அன்றைக்கே சீனிவாஸ் என் வீட்டுக்கு வந்தார். "அங்கிள், அஞ்சலி மலருக்கு நீங்கதான் எழுதணும். அந்த கிரிக்கெட் கமென்ட்ரி கதையை உங்க ஸ்டைல்ல மசாலா போட்டு எழுதுங்க. அது இல்லாம அருளப்பன் காருவா?" என்றார்.

என் ஸ்டைல் உங்களுக்குத் தெரியும். என் ஆன்டெனா ஒவ்வொரு கூட்டத்திலும் பத்தடி வளர்கிற ஜாதி. நிலாவில் இருக்கும் ஒருவரோடு பேசினேன், அங்கே குளிர் தாங்கவில்லை என்று புலம்பினார் என்று, கண்ணிமைக்காமல் உங்களிடமே சொன்னவன் நான். இந்தக் கட்டுரையிலும் அந்தச் சரக்கு ஆங்காங்கே தலைகாட்டும். எழுதுகிற கையை நான் நம்புவதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் துளி மசாலா கிடையாது. அன்று மைக்கில் பேசியது அருளப்பன் அண்ணாச்சி அல்ல. நான். பதினேழு வருடமாக நீங்கள் அவருக்குச் சூட்டியிருக்கும் பட்டப்பெயர் என்னுடையது.

அவரை அறியாத இளையவர்களுக்காகக் கொஞ்சம். அண்ணாச்சி பாளையங்கோட்டைக்காரர். ரயில்வே சிக்னல் பட்டறையில் ஃபிட்டர். மெட்டுகுடா குவார்ட்டர்ஸில் சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில்தான் அவருடைய நிலையம். ராணுவம் கழித்துப் போட்ட சாமான்களை வாங்கி, அவரே கட்டிய டிரான்ஸ்மிட்டர். அதைப் போட்டால் தெரு விளக்கெல்லாம் மங்கும், லாலாகுடாவில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிடும். லைசென்ஸைக் கண்ணாடி போட்டு, ஏசுநாதர் படத்துக்கு ஒரு சாண் கீழே மாட்டியிருந்தார். ஏன் கீழே என்று கேட்டதற்கு, "மேல இருக்கவருக்கு லைசென்ஸ் தேவையில்ல. எனக்குத் தேவை" என்றார்.

அடுத்த வீடு ஹமீத் பாய். வாணியம்பாடியிலிருந்து வந்த இன்ஜின் டிரைவர். கட்டில் அகலத்துக்கு ஒரு ரேடியோகிராம் வைத்திருந்தார். அண்ணாச்சி மைக்கில் வாயைத் திறந்தால் அந்தக் குரல் ரேடியோகிராமிலும் புகுந்துவிடும். ஒருநாள் பாய் வேலிக்கு மேல் தலையை நீட்டிச் சண்டைக்கு வந்தார்.

"அரே அருளப்பா, நியூஸ்ல மந்திரி பேசிட்டிருக்காரு. நடுவுல நீ பூந்து, என் கம்பம் சாஞ்சு போச்சுன்றே. கைக்குய்யா, எதுக்குய்யா? நாட்டுக்குச் சொல்ற சமாச்சாரமா அது?"

அண்ணாச்சி வயரைச் சுற்றிப் பார்த்தார், மண்ணில் கம்பி இறக்கிப் பார்த்தார். பாதிதான் குறைந்தது. கடைசியில் ரயில்வேக்காரர்கள் இருவரும் ரயில்வேக்காரர்களுக்கே தோன்றுகிற ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். நியூஸோ கிரிக்கெட்டோ கேட்கும்போது பாய் தன் துணிக்கொடியில் சிவப்புத் துணியைத் தொங்கவிடுவார். அது தொங்கும்வரை அண்ணாச்சி மைக்கைத் தொடமாட்டார். பச்சைத் துணி ஏறினால் லைன் கிளியர். அமெரிக்காக்காரன் பேசக் காத்திருந்தாலும் சரி, சிவப்பு என்றால் சிவப்புதான். "அம்மாம் பெரிய ரயிலு நிக்குதுல்ல? என் வாய் நிக்காதோ?" என்பார்.

அப்போது எனக்கு லைசென்ஸ் இல்லை. தந்திக் குறியீட்டுப் பரீட்சையில் இரண்டு முறை தேறாமல் மூன்றாவது முறைக்கு விண்ணப்பித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணாச்சியின் ரிசீவரில் உட்கார்ந்து கேட்க அனுமதி உண்டு. ஒரே நிபந்தனை: "காது ரெண்டும் உனக்கு. மைக்கு எனக்கு மட்டும்." லைசென்ஸ் இல்லாதவனைத் தன் நிலையத்தில் பேசவிட்டால் லைசென்ஸ்காரரின் உரிமமே போய்விடும் என்பது இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸில் டெஸ்ட் மாட்ச். ஹமீத் பாயின் வராந்தாவில் முப்பது பேர். (முந்நூறு என்று எழுதி அடித்துவிட்டேன்.) கொடியில் சிவப்பு பறக்கிறது. அண்ணாச்சியின் மனைவி மேரி மதினி மகளோடு மாதா கோவிலுக்குப் போயிருந்தார். அண்ணாச்சி தலை முழுக்க எண்ணெயோடு கொல்லைப்புறக் குளியலறையில் இருந்தார். நம் ஆட்டக்காரர் சதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். டிரான்ஸ்மிட்டர் சுவிட்ச் என் கைக்கு ஒரு முழம் தூரத்தில் இருந்தது.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு, டை கட்டிய இங்கிலீஷில், அவர் அவுட் என்று அறிவித்தேன். அடுத்த வீட்டிலிருந்து எழுந்த ஓலம் சார்மினார் வரை கேட்டிருக்கும். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்தவர் வந்த முதல் பந்திலேயே காலில் அடிபட்டு விழுந்தார் என்றேன். பிறகு மழை, ஆட்டம் நிறுத்தம் என்றேன். அதற்குள் அசல் வர்ணனையாளர் நடுவில் புகுந்து, அவுட்டானவரே நான்கு ரன் அடித்ததாகச் சொல்லிவிட்டார். சுவிட்சை அணைத்துவிட்டுச் சமையலறை வழியாக வெளியேறி, தெருவைச் சுற்றிக்கொண்டு ஹமீத் பாய் வீட்டுக் கூட்டத்தில் போய் நின்றேன். "எவன் செஞ்ச வேலை இது?" என்று எல்லோரையும்விட உரக்கக் கத்தியவன் நான்தான்.

பாய் வேலிக்குப் பாய்ந்தார். "அருளப்பா! செகப்பு தொங்குது, பாத்தியா இல்லையா? உன் பேச்சுக்கு இவ்ளோதானா மதிப்பு?"

அண்ணாச்சி துண்டோடு வெளியே வந்தார். காதோரம் சீயக்காய் நுரை. கொடியைப் பார்த்தார். தன் அறை ஜன்னலைப் பார்த்தார். கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்தார். ஒரு விநாடிதான்.

"என் செட்டுல இருந்துதான் வந்திருக்கு பாய். மன்னிச்சிருங்க" என்றார்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மனு எழுதுவதற்கென்றே பிறவி எடுத்த பெரியவர் ஒருவர் அந்தத் தெருவில் இருந்தார். இரண்டு வாரத்தில் லைசென்ஸ் விவகாரங்களைப் பார்க்கும் அதிகாரி ஒருவர் வந்துவிட்டார். நானும் அங்கே இருந்தேன்; சாட்சியாக, ஸ்டூலில். அண்ணாச்சி ஒவ்வொரு தொடர்பையும் நிமிடம் பிசகாமல் எழுதுகிற பதிவேட்டை அதிகாரி புரட்டினார். அந்த ஞாயிறு காலைக்கு நேரே ஒன்றும் இல்லை.

"யார் பேசினது?"

"என் ஸ்டேஷன்ல இருந்து போனதுக்கு நான்தான் பொறுப்பு சார்."

"நான் கேட்டதுக்கு அது பதில் இல்லையே."

"எங்கிட்ட அந்தப் பதில்தான் சார் இருக்கு."

அதிகாரி என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நான் ஏசுநாதர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஸ்டூல் என்னைப் பிடித்துக்கொண்டது என்று எழுத ஆசைதான். ஸ்டூல் மேல் தப்பில்லை.

ஒரு வருடத்துக்கு உரிமம் நிறுத்திவைப்பு. அதிகாரி போன பிறகு அண்ணாச்சி டிரான்ஸ்மிட்டரின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினார். "உண்மையைச் சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி" என்று, அதையும் அவர் தலையிலேயே கட்டப் பார்த்தேன். "சொன்னா என் லைசென்ஸ் மொத்தமாப் போயிரும். உனக்கு வரவேபோறதில்ல. ஒருத்தன் வாயடைச்சாப் போதும்லா, ரெண்டு பேரு எதுக்கு? போ, போய்ப் பரீட்சைக்குப் படி" என்றார்.

அந்த வருடம்தான் கடலோர மாவட்டங்களில் புயல் அடித்தது. தந்திக் கம்பங்கள் விழுந்துவிட்டன. நம் நண்பர்கள் பலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். அவர்கள் எல்லோரையும்விட வேகமாகத் தந்தி அடிக்கத் தெரிந்தவர் போர்வை மூடிய பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பேசத்தான் தடை, கேட்கத் தடையில்லை. காற்றில் வந்த ஒவ்வொரு சேதியையும் எழுதினார்: இன்ன ஊரில் இன்னார் உயிரோடு இருக்கிறார், செகந்திராபாத்தில் இன்ன விலாசத்துக்குச் சொல்லவும். அந்தச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு நான் சைக்கிளில் வீடு வீடாகப் போனேன். லோத்குண்டாவில் ஒரு அம்மா சீட்டை வாங்கிப் படித்துவிட்டு என் கையை விடவே இல்லை. நான் திரும்பி வந்து, "அண்ணாச்சி, நாளைக்கே போய் நான்தான்னு சொல்லிடறேன்" என்றேன்.

ஹெட்போனைக் கழற்றாமல் கையைக் காட்டினார். "இப்ப நக்கோல, வேண்டாம். கேட்டுக்கிட்டிருக்கேன்."

அவர் சொன்னது 'இப்ப'. நான் அதைப் பதினேழு வருடத்துக்கு நீட்டிக்கொண்டேன். என் மிகைப்படுத்தல்களிலேயே பெரியது அதுதான்.

பிறகு அவருக்கு உரிமம் திரும்ப வந்தது. எனக்கும் புதிதாக வந்தது. பேசாமலாவது இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கதையை உங்களுக்கெல்லாம் சொன்னதே நான்தான். ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் சொன்னேன். மைதானத்துக்குள் யானை புகுந்துவிட்டதாக அண்ணாச்சி அறிவித்தார் என்று நடுவில் யானையைச் சேர்த்தேன். நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். புதிதாகச் சேர்ந்த பையன்கள் "கமென்ட்ரி அங்கிள்" என்று அவரிடம் கையெழுத்து கேட்டார்கள். அவர் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குக்கூட அப்படித்தான் அறிமுகம் ஆனார். கொடுத்த வாக்கை ஒருநாளும் மீறாத மனிதர், வாக்கை மீறியதற்காகப் பெயர் பெற்றார். ஹமீத் பாய் இடம் மாறிப் போகிற வரைக்கும் கொடியில் சிவப்பைக் கட்டிவிட்டு, வேலி ஓரம் வந்து, "பாத்தியா அருளப்பா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். முன்பெல்லாம் அப்படிக் கேட்டதில்லை.

அண்ணாச்சி என்னைத் திருத்தியது ஒரே ஒரு தடவை. ஒரு விழா முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகையில் மெல்லச் சொன்னார்: "யானை வரலை தம்பி. மழைதான் வந்துச்சு."

வெள்ளிக்கிழமை மேரி மதினியைப் பார்க்கப் போனேன். சொன்னேன். வேறு யாரிடமும் இவ்வளவு சின்ன வாக்கியங்களில் நான் பேசியதில்லை. அவர் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை.

"தெரியும். அன்னைக்கே சொல்லிட்டாக."

"நீங்களாவது கேட்டிருக்கலாமே மதினி? காறித் துப்பியிருக்கலாமே?"

"துப்பத்தான் வந்தேன். அவுக விடலை. அவனா வந்து சொல்லுவான், நாம முந்தக்கூடாதுன்னுட்டாக. நீங்க ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்துட்டுப் போனதும் கேப்பேன், இன்னைக்குச் சொன்னாரான்னு. 'இல்ல, நிலாவுல குளிருன்னு சொன்னான்'ம்பாக." கத்தியைக் கீழே வைத்தார். "சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாக. ஆனா கேட்டுக்கிட்டேதான் இருந்தாக."

நண்பர்களே, சீனிவாஸ் எழுதி வைத்திருக்கும் இரங்கல் தீர்மானத்தில் "குறும்புக்குப் பேர்போன" என்று ஒரு வரி இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். "சிவப்பு தொங்கும்போது ஒருநாளும் பேசாதவர்" என்று எழுதுங்கள். ஹமீத் பாய் மகனோடு ஜீடிமெட்லாவில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நாளைக்குப் போகிறேன். அவர் திட்டுவார். திட்டி முடிக்கும்வரை நிற்பேன்.

அண்ணாச்சியின் சாமான்களில் எது வேண்டும் என்று மகள் கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். எனக்குச் சேரவேண்டிய வெட்கத்தைப் பதினேழு வருடம் அவர் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றினார். அதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.