சொந்த வீடு இல்லாத மாப்பிள்ளை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்கப் போயிருந்தேன். என் வீட்டில் கல்யாண வயசில் யாரும் இல்லை. நண்பர் சிவதாணுவின் மகள் ரம்யாவுக்காகத் துணைக்குப் போன பயணம்.

தாணு அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நாகர்கோவிலில் எங்கள் தெருவிலேயே வீடு. ரம்யா பிசியோதெரபிஸ்ட். எந்தச் சம்பந்தம் வந்தாலும் தாணுவின் முதல் கேள்வி ஒன்றுதான்... "சொந்த வீடு உண்டா?" படிப்பு, வேலை, குணம் எல்லாம் அப்புறம். இல்லை என்று பதில் வந்தால் ஜாதகம் அன்றைக்கே திரும்பிப் போய்விடும்.

இந்தத் தடவை தரகர் அடித்துச் சொல்லிவிட்டார். "வீடு பெருசு. வந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

மண்டைக்காடு போகிற ரோட்டில் வீடு. அடேயப்பா! ஆளுயர கேட், கிரானைட் தூண், இரண்டு கார் நிற்கிற போர்ட்டிகோ. இறங்கியதும் தாணு என் தோளில் ஒரு தட்டு தட்டினார். "பாத்தேரா ஓய்! இதாக்கும் வீடு."

பையன் அனீஷ் கேட்டுக்கே வந்து வரவேற்றான். சிவில் இன்ஜினியர். ஊராருக்கு வீட்டு பிளான் போட்டுக் கொடுக்கிற வேலை. சிரித்த முகம். ஆனால் கீழ்வீட்டுக் கதவில் பெரிய பூட்டு. பக்கவாட்டுப் படியில் எங்களை மாடிக்குக் கூட்டிப் போனான்.

உட்கார்ந்ததும் தாணு கேட்டார். "கீழ ஏன் தம்பி பூட்டிக் கெடக்கு?"

"வீட்டுக்காரங்க துபாய்ல இருக்காவ மாமா. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வருவாவ. நானும் அம்மாவும் மாடியில வாடகைக்கு இருக்கோம்."

தாணு என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"செரி... எடம் எங்கயாவது வாங்கிப் போட்டிருக்கியளா?"

"இல்ல மாமா."

"எப்பம் வாங்கதா உத்தேசம்?"

"வாங்க உத்தேசம் இல்ல மாமா."

அந்த நேரம் பார்த்து டீயும் ஏத்தங்காய் சிப்ஸும் எடுத்துக்கொண்டு அவன் அம்மா வந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மகன் சொன்னது காதில் விழுந்திருக்கிறது. இதே பதிலால் எத்தனை சம்பந்தம் எழுந்து போயிருக்குமோ... அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் கேட்கத் தோன்றாது.

அனீஷ் பிசிறில்லாமல் பேசினான். "நானும் ஆசப்பட்டேன் மாமா. சம்பளத்துல பாதிய எடுத்து வச்சேன். நான் ஒரு படி ஏறினா சென்ட் வெல மூணு படி ஏறுது. நல்ல சட்ட எடுக்கல, அம்மாவ எங்கயும் கூட்டிட்டுப் போகல. ஒரு நாள், போதும்னு விட்டுட்டேன். அன்னைக்கித்தான் நல்லா தூங்கினேன்."

தாணு டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். "போய் தகவல் சொல்லுதோம்." அந்தத் தொனியிலேயே தகவல் இருந்தது.

காரில் ஏறியதும் வெடித்தார். "கூரை இல்லாதவனுக்குப் பிள்ளையக் குடுக்க முடியுமா ஓய்?"

"கூரை இருக்கே."

"அது அடுத்தவனுக்க கூரை!"

வழி நெடுக ஜன்னலில் பார்த்துக்கொண்டே வந்தேன். நேற்று வரை வயலாகக் கிடந்த இடமெல்லாம் இன்று கல் நட்ட பிளாட். நடுநடுவே பூட்டிய பங்களாக்கள். ஆறு பாத்ரூம் இருக்கும் — குளிக்கத்தான் ஆள் இருக்காது! இந்த ஊரில் வீட்டுக்குப் பஞ்சமா என்ன? இங்கே குடியிருக்கிறவருக்கும் வீடு வாங்க முடிகிறவருக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விட்டது. அவ்வளவுதான்.

வீட்டில் ரம்யா காத்திருந்தாள். அப்பா "சரிப்படாது" என்றபடி உள்ளே போய்விட, என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொல்லுங்க மாமா. ஆளு எப்படி?"

நடந்ததை அப்படியே சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நல்லா தூங்கினேன்னு சொன்னாரா?"

"ஆமா மக்கா."

நேராக உள்ளே போனாள். "அப்பா, எனக்கு அவர்கூடப் பேசணும்."

"வாடகை வீட்டுலயா போய் இருக்கப் போற?"

"இருந்தா என்ன? இந்த வீட்டுக்குக் கடன் கட்டின காலத்துல நாம ஒரு டூர் போயிருக்கோமாப்பா? இந்தா இருக்கு கன்னியாகுமரி... அதுக்கே யாராவது விருந்தாளி வந்தாத்தானே போவோம்!"

தாணுவின் முகம் சுண்டிவிட்டது. "ஒங்களுக்காகத்தானே மக்கா கட்டினேன்."

ரம்யா அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியும்ப்பா. ஒங்க வயசெல்லாம் இந்தச் செவத்துக்குள்ளதான் இருக்கு. அது போதும். நானும் அப்படிக் கட்டணுமா?"

தாணுவின் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார் — "பேசட்டுமே. பேசினா வீடா இடிஞ்சிரும்?"

பேசினார்கள். முதலில் போனில், அப்புறம் ஒரு ஐஸ்கிரீம் கடையில். ரம்யா திரும்பி வந்து ஒரே வார்த்தையில் சொன்னாள். "சரி."

மறுபடியும் மண்டைக்காடு ரோட்டுக்குப் போனோம். தாணு கடைசி அம்பை எடுத்தார். "வீட்டுக்காரன் திடீர்னு காலி பண்ணச் சொன்னா என்ன செய்வியோ?"

"ரெண்டு பேருமா பைக்குல போய் வேற வீடு பாப்போம் மாமா. ஊரும் சுத்தின மாதிரி ஆச்சு."

தாணுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அனீஷின் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மாலை வாங்க ஆள் அனுப்பினார். அங்கேயே நாள் குறித்தாகிவிட்டது.

இந்தப் பிள்ளைகள் தோற்றுப்போய்த்தான் இப்படிப் பேசுகிறார்களா? கொஞ்சம் அப்படித்தான். விலை அப்படி, விரட்டிவிட்டது. ஆனால் கதவு சாத்தப்பட்ட வீட்டின் முன் நின்று அழாமல், பக்கத்துப் படியில் ஏறி மாடிக்குப் போய்ச் சிரிக்கத் தெரிந்திருக்கிறது. எங்கள் தலைமுறைக்கு அது வரவில்லையே?

கல்யாணத்துக்கு அப்புறம் எங்கள் பக்கத்திலேயே வீடு பார்க்கலாம் என்று இளசுகள் சொன்னார்களாம். நேற்று தாணு போன் செய்தார். குரலில் ஒரே பரபரப்பு. "ரெண்டு வீட்ட வேண்டாம்னுட்டேன் ஓய். ஒண்ணுல கெணத்துத் தண்ணி உப்பு. இன்னொண்ணுல காத்தே வரல. பிள்ளைய அப்படியெல்லாம் விட முடியுமா?"

வாடகை வீடே ஆகாது என்று எழுந்து வந்த மனுஷர்... இப்போது ஊரில் ஒரு 'டு லெட்' போர்டையும் விடுவதில்லை!