ரோஸ்லின் அக்கா கேட்ட பத்து நிமிஷம்

ரோஸ்லின் அக்கா போய்விட்டார். நேற்று காலை நண்பன் மஞ்சு போன் செய்து சொன்னான்... தூக்கத்திலேயே.

தொம்மலூரில் மஞ்சுவும் நானும் வேலை பார்த்த ஆபீஸின் டெலிபோன் ஆபரேட்டர் அவர். "உன் ஆளு லைன்ல இருக்கா. மேனேஜர் சீட்ல இல்ல, சீக்கிரம் பேசி முடி" என்று எனக்குக் கனெக்‌ஷன் கொடுத்த புண்ணியவதி. அந்த ஆள்தான் இன்று என் மனைவி!

தொண்ணூற்றெட்டோ, தொண்ணூற்றொன்பதோ... ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பிக்னிக். சிக்கபள்ளாபூர் தாண்டி ஒரு மொட்டை மலை. மரமே கிடையாது. முழங்கால் உயரப் புல், பாறை, காற்று.

அக்காவுக்கு முட்டிவலி. "அக்கா, நீவு வேன்லே இரி" என்றான் மஞ்சு. அவன் கன்னடத்தில் சொல்வான், அக்கா தமிழில் திட்டுவார்.

"போடா! ஒக்கலிபுரத்துல வூட்டாண்ட ரயிலு, ஆபீஸ்ல போனு. இருவது வருசமா காதுக்கு லீவே இல்ல. மேல போயி பத்து நிமிசம் ஒரு சத்தமும் இல்லாம உக்காரணும். அதுக்குத்தான் வந்தேன்."

இருபது அடிக்கு ஒருமுறை நின்றார். நின்ற இடத்தில் எல்லாம் எங்களுக்கு முறுக்கு.

பாதி மலையில் டப்பாவும் காலி, அக்காவும் உட்கார்ந்துவிட்டார். "முடியல. நீங்க போங்கப்பா..." எங்களுக்குச் சங்கடமாகிவிட்டது. கூட வந்த நாங்கள் எட்டு பேரும் அங்கேயே புல்லில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் எங்களை முறைத்துப் பார்த்தார். பிறகு மஞ்சுவின் தோளைப் பிடித்து எழுந்து, உச்சி வரை விடவே இல்லை!

மேலே போனதும் என் வாட்சைக் கழற்றி வாங்கிக்கொண்டார். "எல்லாரும் வாய மூடுங்க." மூடினோம். அக்கா கண்ணை மூடினார். புல் அசைகிற சத்தம் மட்டும்...

ஏழாவது நிமிடம் இருக்கும். பாறைக்குப் பின்னால் மேய்ந்த மாட்டின் கழுத்துமணி... டிங்!

"குட் மார்னிங், ஹோல்ட் ஆன் ப்ளீஸ்!"

அக்காதான். கண்ணைத் திறக்கவே இல்லை, கை மட்டும் அங்கே இல்லாத போர்டில் ஸ்விட்சைத் தேடியது.

வயிறு வலிக்கச் சிரித்தோம். "பாழாப்போன மாடு! ஞாயித்துக்கெழமகூட உட மாட்டேங்குது" என்று அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இன்னும் இரண்டு முறை முயன்றோம். யாராவது ஒருவருக்குச் சிரிப்பு பீறிட்டுவிடும்.

"சரி வுடுங்கடா, இன்னொரு வாட்டி வந்து முழுசா உக்காரலாம்." போகவே இல்லை... ஆபீஸ் வைட்ஃபீல்டுக்கு மாறியது, நாங்கள் ஆளுக்கொரு பக்கம்.

இன்று அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்தது. பழைய ஆட்கள் ஐந்து பேர் மட்டும் கல்லறைப் பக்கத்தில் நின்றோம். "ஹத்து நிமிஷ" என்றான் மஞ்சு. அக்கா கேட்ட அதே பத்து நிமிஷம். நான் வாட்சைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

ஒன்பது நிமிடம் தாண்டிவிட்டது. முழுசாகக் கொடுத்துவிடுவோம் என்றுதான் நினைத்தேன்... மதிலுக்கு வெளியே ஐஸ்வண்டி மணி!

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால் அவ்வளவுதான்.

"குட் மார்னிங், ஹோல்ட் ஆன் ப்ளீஸ்..."

திரும்பினோம். அக்காவின் மகள். எப்போது வந்து நின்றாள் என்று தெரியாது. அழுது வீங்கிய முகத்தில் சிரிப்பு. "வீட்ல காலிங் பெல் அடிச்சாலும் மம்மி இதான் சொல்வாங்க அங்கிள்."

ஆறு பேரும் சிரித்தோம். கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டு... அப்படி ஒரு சிரிப்பு.

போய் வாருங்கள் அக்கா. அங்கே ரயில் இல்லை, போன் இல்லை. மாடு வந்தால் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.