உடைவதற்கென்று ஓர் ஆணி

இருபத்தேழு தப்படி. வண்டியின் மூக்கிலிருந்து சேற்றில் மாட்டிய லாரி வரைக்கும் எண்ணியாயிற்று. இனி அதே இருபத்தேழை இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை நடக்க வேண்டும். மதலேனாள் புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, கடப்பாரையை மண்ணில் இழுத்தபடி நடக்கிறார். அது கிழித்த கோட்டுக்கு அந்தப் பக்கம் ஊர். இந்தப் பக்கம் அவரும் வண்டியும் சிக்கிக்கொண்ட லாரியும். கோட்டுக்குள் யாருடைய பாதமாவது தெரிந்தால் எஞ்சின் கிளம்பாது.

"எட்டப் போங்கப்பா. அந்தாண்ட. இன்னும் அந்தாண்ட. இன்னா, சினிமாவா காட்டறன் இங்க?"

யாரும் உடனே நகர்வதில்லை. எந்த ஊரிலும் லாரியை இழுக்கும் கம்பிவடத்துக்கு மிக அருகில் நிற்பவர் அந்த ஊரின் பெரிய மனிதராக இருப்பார். மதலேனாள் வாதாட மாட்டார். மட்கார்டில் ஏறி உட்கார்ந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, பொட்டுக்கடலையை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொள்வார். அவசரம் லாரிக்காரனுக்குத்தான். கடலை தீர்வதற்குள் பெரிய மனிதரை லாரிக்காரனே கையெடுத்துக் கும்பிட்டு வெளியே அழைத்துப் போய்விடுவான்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. வண்டிக்கு முப்பத்துமூன்று. யுத்தம் முடிந்து அமெரிக்கப் பட்டாளம் விட்டுப்போன டாட்ஜ். நாலு சக்கரமும் இழுக்கும், கதவு கிடையாது. முன்னால் பம்பருக்கு மேல் ஓர் இரும்பு உருளை, அதில் சுற்றிய எஃகுக் கம்பிவடம். வண்டியை நிறுத்திவைத்து எஞ்சினை ஓடவிட்டால் உருளை சுழன்று வடத்தை உள்ளே இழுக்கும். அதற்கு வின்ச் என்று பெயர். முன்கண்ணாடிக்கு வெளியே, வில்லியனூர் முத்துசாமி பட்டறையில் பற்றவைத்த தடித்த கம்பி வலை. வடம் அறுந்தால் தன் நீளத்துக்குச் சாட்டையாக வீசும். கோடு ஊரைக் காப்பதற்கு, வலை ஓட்டுகிறவர் முகத்தைக் காப்பதற்கு. "கோழிக்கூண்டு, கோழிக்கூண்டு" என்று தெருப் பிள்ளைகள் பின்னால் ஓடும்.

"வாங்கடா, முட்ட வெச்சிருக்குது!" என்பார் மதலேனாள், வேகத்தைக் குறைக்காமலே.

வில்லியனூரிலிருந்து பாகூர் வரைக்கும், மழைக்காலத்தில் எது எங்கே புதைந்தாலும் ஓர் ஆள் சைக்கிளில் அவர் வீட்டுக்கு வருவான். மணல் லாரி, நெல் லாரி, டிராக்டர். ஒரு முறை மதகடிப்பட்டுக்கு அருகே கல்யாணக் கார், உள்ளே மாப்பிள்ளையோடு. இறங்கினால் பட்டு வேட்டியில் சேறு படும் என்று மாப்பிள்ளை உட்கார்ந்தே இருந்தார். "எறங்கு ராஜா. வேட்டிய தொவைக்கலாம்" என்று சொல்லி, அவரை இறக்கிய பிறகே மதலேனாள் கொக்கியை மாட்டினார். வயதானவர்கள் அவரை 'மதாம்' என்கிறார்கள். அவருடைய கணவர் பாஸ்கல் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். சைகோனில் இதே மாதிரி வண்டியை ஓட்டியிருக்கிறார். அறுபத்தொன்றில் சென்னையில் ஏலத்துக்கு வந்ததும் பார்த்த கண்ணிலேயே எடுத்துவிட்டார்.

இந்த வின்ச்சில் ஓர் ஆணி உண்டு. மதலேனாள் வாயில் அது 'பின்னு'. எஞ்சினிலிருந்து வரும் தண்டையும் உருளையையும் இணைப்பது அதுதான். சுண்டுவிரல் பருமன், வேண்டுமென்றே மெத்தென்ற இரும்பு. பாரம் அளவுக்கு மிஞ்சினால் வடம் அறுவதற்கு முன்னால் இது உடைந்துவிடும். உருளை நின்றுவிடும். ஐந்து நிமிஷத்தில் வேறு ஆணி போட்டுக்கொள்ளலாம். அதன் வேலையே உடைவதுதான். ஆனால் இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆணி உடைந்தால், உடைந்தது ஆணி மட்டுமாகத் தெரிவதில்லை.

அறுபத்துநாலில், பாகூர் ஏரிக்குள் இறங்கிவிட்ட ஒரு டிராக்டரை இழுக்கும்போது ஆணி மூன்று தடவை உடைந்தது. மூன்று தடவையும் கூட்டம் கைதட்டியது. பாஸ்கலுக்கு ரோஷம் வந்துவிட்டது. கெட்டியான ஒரு போல்ட்டை எடுத்துப் போட்டார்.

"உடையாதுன்னு சவால் வுட்டன். அதே மாதிரி போல்ட்டு உடையல. ரோப்புதான் அந்துச்சு, கால்தான் உடைஞ்சிச்சு" என்று இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்கிறார் பாஸ்கல்.

இடது கால், முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும். கட்டுப் பிரித்த பிறகும் கிளட்ச்சை மிதிக்க அந்தக் காலில் தெம்பு வரவில்லை. "அவுருக்கு கால் இல்ல, எனக்கு ரெண்டு கீது" என்பதற்கு மேல் மதலேனாள் விளக்கம் சொல்வதில்லை. கோடையில் வறண்ட ஏரிக்குள் நாற்பது நாள் ஓட்டப் பழகினார். கியர் மாற்ற ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை கிளட்ச் மிதிக்க வேண்டிய வண்டி அது. லைசென்சுக்குப் போன அன்று அதிகாரி அவரைப் பார்த்து, "சின்னக் காராகக் கொண்டு வரவில்லையா?" என்று கேட்டார். "எங்க வூட்ல இருக்கறது இதாங்க" என்றார் மதலேனாள். இரண்டு தார் பீப்பாய்களுக்கு நடுவே டாட்ஜைப் பின்னோக்கி எடுத்துக் காட்டினார். பீப்பாய்க்கும் வண்டிக்கும் இடையில் அதிகாரி தன் குடையை வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு. இந்தக் குடைக் கதையை மட்டும் கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

ஸ்டீரிங் இடது பக்கம். முன்னால் போகிற வண்டியை முந்தும்போது எதிரே வருவது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. அதனால் வலப்பக்க இருக்கையில் பாஸ்கல் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டி, சாலை காலியாக இருந்தால் "அலே" என்பார். 'போ' என்பதற்குப் பிரெஞ்சில், சைகோனில் ஒட்டிக்கொண்ட சொல். அது காதில் விழாமல் மதலேனாள் எந்த மாட்டு வண்டியையும் முந்தியதில்லை. வாய்க்காலைக் கடந்தால், நனைந்த பிரேக் பிடிக்காது என்று, இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே அரை பர்லாங் ஊர்ந்து காயவைப்பார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடித்துக்கொள்ளட்டும்.

செருப்பு விஷயம் தனி. மணலிலோ சேற்றிலோ இறங்கும்போது முன்சக்கரங்களையும் இழுக்கவைக்க ஒரு தடியைத் தள்ள வேண்டும். தார்ச் சாலை ஏறியதும் அதைத் திரும்ப எடுத்துவிட வேண்டும். மறந்தால் கெட்டித் தரையில் பல்சக்கரங்கள் ஒன்றை ஒன்று முறுக்கி நொறுங்கும். மதலேனாள் தடியைத் தள்ளிய கையோடு செருப்பைக் கழற்றி அந்தத் தடியிலேயே மாட்டிவிடுவார். வெயிலில் கொதிக்கும் தாரில் கால் வைக்க வேண்டுமென்றால் செருப்பு வேண்டும். செருப்பு வேண்டுமென்றால் தடியைத் தொட்டாக வேண்டும். பதினோரு வருஷத்தில் ஒரு பல்சக்கரம் போனதில்லை.

போன மார்கழியில் சுத்துக்கேணியில் ஆற்றுக்குள் கரும்பு லாரி ஒன்று அச்சு வரை புதைந்தது. சுற்றுவழியை மிச்சப்படுத்த நினைத்து ஆற்றில் இறக்கியவர் அதன் சொந்தக்காரர் மணவாளன். பத்து ஏக்கர் கரும்பும் ஒரு டிராக்டரும் ஊரில் நல்ல குரலும் உள்ளவர். ஓட்டி வந்தவன் இன்னாசிமுத்து. மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், நாலு மணிக்கு இங்கே வந்துவிடும் என்று தண்டோரா போட்டிருந்தார்கள். மதலேனாள் போய்ச் சேரும்போது மணி ஒன்று.

"பாதி கரும்ப எறக்கிடுங்கண்ணே."

"எறக்கறதுக்குள்ள தண்ணி வந்துடும். நீ இழு."

"ஒரு வாட்டி இழுத்துப் பாக்கறன்."

டாட்ஜின் பின்புறத்தைக் கரையிலிருந்த பனைமரத்தோடு சங்கிலியால் பிணைத்தார். எண்ணினார், கோடு கிழித்தார், நனைத்த கோணிச் சாக்கை வடத்தின் நடுவே மடித்துப் போட்டார். அறுந்தாலும் வடம் சீறாமல் விழுவதற்காக. உருளை சுற்றியது. லாரி ஒரு சாண் அசைந்தது. 'டக்' என்று சின்னச் சத்தம். ஆணி உடைந்தது. மாற்றினார். மறுபடியும் 'டக்'.

"இன்னா மதலேன், உன் வண்டிக்குப் பல்லு கொட்டுதா?" என்றாள் கூட்டத்திலிருந்த பவுனம்மாள். ஆறே சிரித்தது.

மணவாளன் ஆளை ஓடவிட்டுத் தன் டிராக்டரிலிருந்து ஒரு போல்ட்டைக் கழற்றிக் கொண்டுவரச் செய்தார். கறுத்த, கனத்த போல்ட்டு. கோட்டைத் தாண்டி வந்து நீட்டினார். "இத போடு. யானை இழுத்தாலும் உடையாது."

மதலேனாள் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "உடையாதுதான்."

"அப்ப போடு."

"அதனாலதாண்ணே போட மாட்டன்" என்று அவர் கையிலேயே திருப்பி வைத்தார்.

"லாரி என்னுது. போனா எனக்குத்தான போவுது? உனக்கு இன்னா வந்துச்சு?"

"லாரி உங்களுது, ரோப்பு என்னுது. அது அந்துகிச்சின்னா பெரியவுரு காலு, சின்னவுரு காலுன்னு பாக்காது."

"பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்பிடித்தான்" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார். பாஸ்கல் வலப்பக்க இருக்கையிலிருந்து மெல்ல இறங்கினார். காற்சட்டையின் இடது காலைச் சுருட்டி, கோணலாக ஒட்டியிருந்த எலும்பின் மேல் நிதானமாகச் சொறிந்துகொண்டார்.

"நல்ல போல்ட்டுதான் மணவாளா. நான் போட்டது இதவிட ஒஸ்தி."

சிரிப்பு நின்றது. மணி இரண்டு. மணவாளன் மேற்கே ஆற்றைப் பார்த்தார்.

"பின்னு ரெண்டு வாட்டி சொல்லிடுச்சு, பாரம் ஜாஸ்தின்னு. மூணாம் வாட்டியும் கேக்கணுமாண்ணே?" என்றார் மதலேனாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, அன்றுவரை எந்த ஊரிலும் சொல்லாததைச் சொன்னார். "எல்லாம் கோட்டுக்கு உள்ள வாங்க! இத்தினி பேரு சும்மாவா நிக்கறீங்க? ஆளுக்கு ஒரு கட்டு!"

முதல் கட்டைத் தோளில் ஏற்றியவர் மணவாளன். அவர் தூக்கிய பிறகு யாரும் சும்மா நிற்க முடியவில்லை. கைமாற்றிக் கைமாற்றிக் கரும்பு கரையேறியது. ஆண்கள் சக்கரங்களுக்கு முன்னால் பள்ளம் பறித்தார்கள், பவுனம்மாளும் மற்றப் பெண்களும் அதில் காய்ந்த கரும்புச் சோகையைப் பரப்பினார்கள். மூன்றரைக்கு லாரியின் முதுகு பாதி காலி.

"போதும். வெளிய போங்க."

இந்த முறை கூட்டத்தைத் துரத்தியது மணவாளனின் குரல். "எட்டப் போங்கடா! அந்தாண்ட போடா, காது கேக்கல?" எல்லாரும் போன பிறகு அவரும் போய், கோட்டுக்கு வெளியே நின்று, தன் குதிகாலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். லாரிக்குள் இன்னாசிமுத்து, மதலேனாள் சொல்லிவைத்தபடி ஸ்டீரிங்குக்குக் கீழே தலையைத் தாழ்த்தினான். டப்பாவிலிருந்து மூன்றாவது ஆணி, அதே மெத்தென்ற ஆணி, உள்ளே போனது.

எஞ்சின் அடித்தொண்டையில் உறுமியது. வடம் மணலை விட்டு எழுந்து, விறைத்து, சொட்டியது. சாக்கு ஒரு தடவை ஆடியது. பெரிய உறிஞ்சல் சத்தத்தோடு லாரி சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. வந்தது வந்தபடியே கரை ஏறியது. ஆணி உடையவில்லை.

நாலு பத்துக்குத் தண்ணீர் வந்தது. நுரையும் சருகுமாக வந்து, லாரி கிடந்த பள்ளத்தையும் கடப்பாரைக் கோட்டையும் மூடிக்கொண்டு போனது. ஆளுக்கு ஒரு கரும்பைக் கடித்துக்கொண்டு ஊர் கரையில் நின்று பார்த்தது. மணவாளன் அதைத் தடுக்கவில்லை.

"பாத்தியா, ஒன்னும் ஆவல. என் போல்ட்டப் போட்டிருந்தாலும் வந்திருக்கும்" என்றார், கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

"வந்திருக்கும்ணே. அந்த போல்ட்ட எனக்கே குடுத்துடுங்க."

"இன்னாத்துக்கு?"

"எங்க வூட்டுப் படலுக்குத் தாப்பா இல்ல. ஆடு பூந்துடுது. உடையக் கூடாத எடம் அது."

மணவாளன் கொடுத்தார். சிரித்தும்விட்டார். அந்தப் போல்ட்டு இன்றைக்கும் படலில் இருக்கிறது.

புறப்படும் முன் மதலேனாள் வண்டிக்கடியில் படுத்து, உடையாத ஆணியைத் தட்டிக் கழற்றினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நடுவே ஒரு மயிரிழை வளைந்திருந்தது. ஆற்றில் எறிந்துவிட்டுப் புது ஆணி போட்டார். டப்பாவில் மீதி எட்டு.

வண்டி மணலைத் தாண்டித் தார்ச் சாலையில் முன்சக்கரத்தை வைத்ததும் நின்றது. மதலேனாள் தடியிலிருந்து செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டார், தடியை இழுத்துவிட்டார். பாஸ்கல் வலப்பக்கம் தலையை நீட்டிச் சாலையைப் பார்த்தார்.

"அலே."

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கரையாம்புத்தூரில் ஒரு நெல் லாரி.