பன்னிரண்டாவது பில்டர்

அந்தக் காலத்தில் ஒயில் பில்டர் என்பது, அது இல்லாமலும் கார் ஓடும் என்று எல்லோருக்கும் தெரிந்த சாமான். அதைத்தான் நான் விற்றேன்.

ஊர் ஊராகச் சாமான் விற்று அலைந்த அன்பர்களே, என் பாடு உங்களுக்குத்தான் விளங்கும். பால் டின் அளவில் ஒரு தகரப் பேணி, உள்ளே பஞ்சு; எஞ்சின் எண்ணெயில் உள்ள ஊத்தையை அது வடிக்கும். டிசம்பர் முடிவதற்குள் பன்னிரண்டு விற்காவிட்டால் ஏஜென்சி வேறு ஆளுக்கு என்று கொழும்புக் கம்பனி எழுதிவிட்டது. அந்த ஏஜென்சியை நம்பித்தான் தையில் எனக்குக் கலியாணம் நிச்சயித்திருந்தார்கள். வேலையில்லாத மாப்பிள்ளைக்கு யாழ்ப்பாணத்தில் என்ன மதிப்பு என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஊத்தை

உரும்பிராயில் புகையிலைத் தோட்டக்காரர் ஒருவர் புதிதாகக் கார் எடுத்திருந்தார். பேச்சுக்கு மயங்குகிற ஆளில்லை. வேறொரு காரில் கழற்றிய பழைய பில்டரை அறுத்துக் கொண்டுபோய், உள்ளே படிந்திருந்த கறுப்பைக் காட்டினேன். கம்பனி சொல்லித் தந்த உத்தி அது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து நன்றாகப் பார்த்தார். விற்றாயிற்று என்று ஓடர் புத்தகத்தை விரித்தேன்.

“தம்பி, இவ்வளவு ஊத்தை உதுக்குள்ளை கிடக்கு. உதைக் கொண்டுவந்து என்ரை புதுக் காரிலை ஏன் பூட்டப் பாக்கிறீர்?”

வயிறு

சாவகச்சேரி பஸ் முதலாளி வாங்கினார். பூட்டி எஞ்சினை ஓடவிட்டால் பேணி நிரம்புகிற அளவுக்கு எண்ணெய் மட்டம் இறங்கத்தானே செய்யும்? அவர் எண்ணெய் அளவுகோலை மூன்று தரம் துடைத்து உள்ளே விட்டுப் பார்த்தார்.

“உம்மடை பேணி இவ்வளவு குடிக்குமெண்டு வாங்கேக்கை ஏன் சொல்லேல்லை?”

தோய்ச்சல்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய பஞ்சை எறிந்துவிட்டுப் புதிது போடவேண்டும். அதுவும் என் எண்ணிக்கையில் சேரும். காங்கேசன்துறையில் தன் காருக்கு முன்பே பில்டர் வாங்கிய தோணி முதலாளி ஒருவருக்குத் தவணை வந்துவிட்டது என்று ஆசையோடு போனேன். அவர் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். பஞ்சை வெளியே எடுத்து, சவுக்காரம் போட்டுத் தோய்த்து, கொடியில் தன் வேட்டிக்குப் பக்கத்தில் காயப்போட்டிருந்தார். அழகாக வெளுத்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. இதை எறியத்தான் வேண்டும் என்று மன்றாடினேன்.

“வேட்டி ஊத்தையானால் நீர் எறியிறனீரோ? தோய்ச்சுத்தானே கட்டுறனீர்.”

கடைசி ஆள்

பதினொன்று தேறிவிட்டது, டிசம்பரில் இரண்டு நாள்தான் மிச்சம். வெட்கத்தை விட்டு உடுப்பிட்டிக்குப் போனேன். பெண்ணின் தகப்பன் அங்கே தலைமை வாத்தியார், கார் வைத்திருந்தார். கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளை சாமான் விற்க அந்த வாசலில் ஏறுவது எங்கள் பக்கத்தில் இல்லாத வழக்கம். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, மார்கழியில் புதுச் சாமான் பூட்டக்கூடாது என்றார்.

“இப்ப கையெழுத்துப் போதும் மாமா, தையிலை பூட்டுவம்” என்றேன். ஏஜென்சி போகப்போவதையும் ஒளிக்காமல் சொன்னேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. உள்ளே மா இடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தம்பி, இந்தக் காரைச் சீதனத்திலை எழுதியாச்சு. தை பிறந்தால் உம்மடை கார். உம்மடை காருக்கு நான் ஏன் பில்டர் வாங்கவேணும்?”

அங்கேயே ஓடர் புத்தகத்தை விரித்து என் பெயரை எழுதினேன்; பன்னிரண்டு பேரில் மறுபேச்சுப் பேசாமல் வாங்கியவன் நான் ஒருவன்தான்.