என்னைப் பற்றி அவர் குறித்த பதில்கள்

மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன வருஷம்தான் நான் ஆளுமை உளவியல் படிக்க ஆரம்பித்தேன். கல்லூரியில் அல்ல, செல்போனில். கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். ஏறினால் தூத்துக்குடிக்குத் திரும்பி வர ஏழெட்டு மாதம் ஆகும். மதியச் சாப்பாடு முடிந்தால் வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும்தான்.

முதலில் தேடியபோது வந்ததெல்லாம் குப்பை. பிடித்த நிறத்தைச் சொன்னால் குணத்தைச் சொல்லும் தளங்கள். ‘நீங்கள் பிறவித் தலைவர்’ என்று புகழ்ந்துவிட்டு மீதியைப் படிக்கப் பணம் கேட்பவை. போகப்போக எது உருப்படியானது என்று பிடிபட்டது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று பாட வீடியோக்களை இலவசமாகப் போட்டிருந்தது. அந்த ஆங்கிலத்தின் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது. நிறுத்தி நிறுத்திக் கேட்பேன். மனிதர்களை இந்த வகை, அந்த வகை என்று பெட்டியில் அடைக்க முடியாது, உயரம் மாதிரி ஒவ்வொரு குணமும் எல்லோரிடமும் கூடக்குறைய இருக்கும் என்றார் பேராசிரியர். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. பிடித்ததைச் சொல்ல ஆள் இல்லை. அடுத்த வீடியோவை ஓடவிட்டேன்.

ஒரு பாடத்தின் முடிவில் பயிற்சி வந்தது. நீளமான கேள்விகளுக்கு நம்மைப் பற்றி நாமே பதில் குறிக்க வேண்டும். பிறகு நம்மை நன்றாக அறிந்த ஒருவர் நம்மைப் பற்றிக் குறிக்க வேண்டும். ‘கூட்டத்தில் கலகலப்பாக இருப்பேன்’ என்பதற்கு ‘இல்லவே இல்லை’ என்று போட்டேன். ‘அதிகம் பேச மாட்டேன்’ என்பதற்கு ‘ஆமாம்’. இதற்கெல்லாம் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

நன்றாக அறிந்த அந்த ஒருவர் யார் என்பதற்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. மகளுக்குப் பரீட்சை. கீழே பலசரக்குக் கடையில் பால் வாங்கும்போது விளையாட்டாகக் கேட்டேன்:

“அண்ணாச்சி, நான் எப்படிப்பட்ட ஆளு?”

அவர் திகைத்துப்போனார். “எத்தன வருசமா வாரீங்க, நல்லவங்கதான். ஆனா நீங்க பேசினாத்தானம்மா எனக்குத் தெரியும்?”

சிரித்துக்கொண்டே படியேறினேன். கதவைச் சாத்தியதும் சிரிப்பு நின்றுபோனது.

கடைசியில் கணவருக்கே அனுப்பினேன். மறுநாளே குறித்து அனுப்பிவிட்டார். கலகலப்பு, பேச்சு எல்லாவற்றிலும் என் பதிலுக்கு நேர்மாறு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கூப்பிட்டபோது கேட்டேன்.

“என்னங்க, வேற யாரையாவது நெனச்சுக் குறிச்சிட்டீங்களா?”

“ஏளா, ஒன்னையத்தான். போன தடவ குடும்பத்தோட திருச்செந்தூர் போனப்ப லாட்ஜுல அத்தன சொந்தக்காரங்களையும் சிரிக்க வச்சது யாரு? நான் வந்தா யாரையும் பேச விடாம நீதான பேசுத!”

அவர் சொன்னது பொய் இல்லை. அவர் இறங்கியதும் வீடு நிறைந்துவிடும். கொழுந்தன்மார், நாத்தனார், அவர்கள் பிள்ளைகள் என்று வந்துகொண்டே இருப்பார்கள். அப்போது நான் ஓயாமல் பேசுவேன். அந்த என்னை மட்டும்தான் அவர் பார்த்திருக்கிறார். அவர் போன பிறகு இங்கே இருப்பவளை அவர் பார்க்க வழியே இல்லை. இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் எனக்கு இது உறைத்தது.

“நீங்க இருக்கும்போது அப்படித்தான். மத்த நாள்ல நான் பேசுததே இல்ல.”

“ஏன்?”

“யார்ட்டப் பேச?”

“அப்ப என்னையப் பத்தியும் நீ குறிச்சு அனுப்பேன்” என்றார் அவர்.

அவரைப் பற்றிக் குறிக்க உட்கார்ந்தேன். ‘கலகலப்பானவர்’ என்பதற்கு ‘முழுக்க ஆமாம்’ என்று போடப் போனவள் நிறுத்திவிட்டேன். அடுத்த தடவை அவர் கூப்பிட்டதும் அதைத்தான் கேட்டேன்.

“கப்பல்ல நீங்க பேசுவீங்களா?”

“வேலையப் பத்திப் பேசுவேன். சாப்பிட்டா கேபினுக்குப் போயிருவேன். கூட இருக்கவங்களுக்கு பாஷை வேற.” பிறகு குரலை இறக்கி, “இல்லளா, பேச மாட்டேன்” என்றார்.

பயிற்சியை நான் முடிக்கவில்லை. இப்போது சிக்னல் கிடைக்கும் நாட்களில், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்று கேட்கிறேன். பெரும்பாலும் தனியாகத்தான் என்பார். என்ன சமைத்தாய் என்று அவர் கேட்பார். ஒரு ஆளுக்கு என்னத்தச் சமைக்க, ரசம்தான் என்பேன்.